நீண்ட நேர இன்சுலின்: எந்த வீட்டுக்கு எது?

மருந்துக் கடைக் கவுண்டருக்கு உட்பக்கம் நின்று 18 வருடம் ஆகிறது. இன்சுலின் சீட்டை நீட்டுகிறவர்களில் பலர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பது ஒன்றுதான்: "ஏம்மா, இதுல எது நல்ல மருந்து?" விலை கூடினால் மருந்தும் நல்லதாக இருக்கும் என்பது சிலர் கணக்கு. அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கொடுப்பது மட்டமாகத்தான் இருக்கும் என்பது இன்னும் சிலர் கணக்கு. இரண்டுமே தப்புக் கணக்கு என்பதை நான் என் அப்பாவை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அப்பா 6 வருடம் 30/70 கலவை இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தார். காலை ஒரு ஊசி, இரவு ஒரு ஊசி. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு ஆடி மாதம் வெறும் வயிற்றுச் சர்க்கரை 220, 240 என்று வர ஆரம்பித்தது. வழக்கமாகப் போகும் கிளினிக்கில் இரவு டோஸை 4 யூனிட் கூட்டினார்கள். பத்து நாள் கழித்து இன்னொரு 4. அந்த வாரமே ஒரு ராத்திரி அம்மா என்னை உலுக்கி எழுப்பினாள். அப்பாவின் பனியனும் தலையணையும் தொப்பலாக நனைந்திருந்தன. எப்போதோ இறந்துபோன பெரியப்பாவிடம் ஏதோ நெல் கணக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். மணி 3. மீட்டரில் 46 காட்டியது. விழுங்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு, மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம். கால் மணி நேரத்தில் 78. அம்மாவுக்கு அப்புறம் தூக்கம் வரவில்லை.

அன்றிலிருந்து எந்த இன்சுலினைப் பற்றி யார் பேசினாலும் எனக்குள் முதலில் எழும் கேள்வி, ராத்திரி 3 மணிக்கு இது என்ன செய்யும் என்பதுதான். இந்தக் கட்டுரையிலும் அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொன்றையும் பார்க்கப் போகிறேன். டோஸை முடிவு செய்வது டாக்டர். ஆனால் அவர் முன்னால் உட்காரும்போது உங்கள் வீட்டு நிலவரத்தைச் சொல்லத் தெரிந்திருந்தால், முடிவு உங்களுக்குப் பொருந்துகிற மாதிரி அமையும்.

இந்த ஊசியின் வேலை என்ன

நாம் சாப்பிடாத நேரத்திலும் கல்லீரல் இரத்தத்தில் சர்க்கரையை விட்டுக்கொண்டே இருக்கிறது. அதற்கு ஈடாகக் கணையம் சொட்டுச் சொட்டாக இன்சுலின் சுரக்கும். சாப்பிட்டதும் ஒரு அலையாக அதிகம் சுரக்கும். நீண்ட நேர இன்சுலின் அந்தச் சொட்டு வேலைக்கு வந்த மருந்து. சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையை அடக்குவது அதன் வேலையே அல்ல. இதைப் புரிந்துகொள்ளாததால்தான் நிறையப் பேர், "ஊசி போட்டும் மத்தியானம் 280 இருக்கு" என்று டோஸை ஏற்றிக்கொண்டே போய், ராத்திரியில் மாட்டிக்கொள்கிறார்கள்.

இரண்டாம் வகை சர்க்கரை நோயில் மாத்திரைகள் போதாமல் போகும்போது, உடல் பருமன் உள்ளவர்களுக்கு இன்சுலினுக்கு முன்பே, சர்க்கரையையும் எடையையும் இறக்கும் ஜிஎல்பி-1 வகை ஊசியை யோசிக்கலாம் என்று இப்போதைய மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. அதையும் டாக்டரிடம் கேளுங்கள். ஆனால் எடை மளமளவென்று குறைகிறது, சர்க்கரை 300ஐத் தாண்டி நிற்கிறது, ஓயாமல் தாகமும் சிறுநீரும் என்றால் இன்சுலினைத் தள்ளிப்போடவே கூடாது. கணையம் இன்சுலினே சுரக்காத முதல் வகை நோயாளிகளுக்கோ அது தினசரி உயிர் மருந்து. சாப்பிடாத நாளிலும் காய்ச்சல் வந்த நாளிலும்கூட நீண்ட நேர இன்சுலினை அவர்கள் நிறுத்தக் கூடாது.

கலங்கல் மருந்து

என்பிஎச் இன்சுலினை எங்கள் பக்கம் பலர் கலங்கல் மருந்து என்றுதான் சொல்வார்கள். இன்சுலடார்ட், ஹியூமின்சுலின் என் என்ற பெயர்களில் வருவது இதுதான். டென்மார்க்கில் ஹாகெடோர்ன் என்ற மருத்துவர், மீனிலிருந்து எடுத்த புரோட்டமின் என்ற புரதத்தை இன்சுலினோடு சேர்த்தால் அது மெதுவாகக் கரைகிறது என்று 1936இல் காட்டினார். அந்த வழியில் வந்த என்பிஎச் 1950இல் விற்பனைக்கு வந்தது. எழுபது வருடத்துக்கு மேலாக உயிர்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும் மருந்தை மட்டம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் அதன் சுபாவம் தெரிந்திருக்க வேண்டும். போட்ட பிறகு சுமார் 4 முதல் 10 மணி நேரத்துக்குள் அதன் வேகம் உச்சத்துக்குப் போகும். 12 முதல் 18 மணி நேரத்தில் அடங்கிவிடும். இரவு 8 மணிச் சாப்பாட்டோடு போட்டால் உச்சம் எப்போது வரும்? நள்ளிரவிலிருந்து விடியற்காலைக்குள், ஆள் அசந்து தூங்கும் நேரத்தில். அதே ஊசியைப் படுக்கப் போகும்போது, 10 அல்லது 11 மணிக்குப் போட்டால் உச்சம் விடியற்காலைப் பக்கம் நகரும். அந்த நேரத்தில்தான் உடம்பு தானாகவே சர்க்கரையை ஏற்றும். ஆக, வெறும் ஊசி நேரத்தை மாற்றியே பலரின் இரவுத் தொல்லை தீர்ந்திருக்கிறது. காசு செலவில்லாத மாற்றம் இது.

இன்னொன்று, கலங்கலைக் கலக்க வேண்டும். நின்றிருந்த பாட்டிலில் மருந்து அடியில் தங்கிவிடும். உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து 10, 20 தடவை மெதுவாக உருட்டி, பால் மாதிரி ஒரே சீரானதும்தான் எடுக்க வேண்டும். அவசரத்தில் உருட்டாமல் எடுத்தால் ஒரு நாள் குறைவாகவும் மறுநாள் அதிகமாகவும் போகும். "நேத்து 110, இன்னைக்கு 210, ஒண்ணும் மாத்திச் சாப்பிடலையே" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் இதைத்தான் கேட்பேன்.

30/70 கலவை

மிக்ஸ்டார்ட் போன்ற கலவைகளில் 30 சதவீதம் வேகமான சாதா இன்சுலின், 70 சதவீதம் இதே என்பிஎச். சாப்பாட்டையும் சொட்டு வேலையையும் ஒரே ஊசியில் முடிக்கும் யோசனை. தமிழ்நாட்டில் மூன்று வேளையும் அரிசிதான் என்பதால் டாக்டர்கள் இதை விரும்புவதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டு ஊசியில் நாள் ஓடிவிடும், விலையும் குறைவு.

ஆனால் அதற்கு வேறு விதத்தில் விலை கொடுக்க வேண்டும். போட்டுவிட்டால் அரை மணி நேரத்தில் சாப்பிட்டே ஆக வேண்டும். கல்யாண வீட்டுக்குக் கிளம்பும் முன் வீட்டிலேயே ஊசியைப் போட்டுக்கொண்டு போய், முதல் பந்தியில் இடம் கிடைக்காமல், இரண்டாம் பந்திக்கு நின்றுகொண்டிருக்கும்போதே கை நடுங்கி வியர்த்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நடவு நாளில் பத்து மணிக்கு வர வேண்டிய சாப்பாடு பதினொன்றரைக்கு வந்தால் வரப்பிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். வேளை தவறாத வீட்டுக்குக் கலவை ஊசி நன்றாகப் பொருந்தும். வேளை தவறும் ஆளுக்கு அது ஆபத்து.

இதை அளந்து பார்த்த ஆய்வும் இருக்கிறது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 708 பேரை வைத்து நடந்து, மூன்றாண்டு முடிவு 2009இல் வந்தது. மாத்திரையோடு முதல் ஊசியாக ஒரு குழுவுக்குக் கலவை இன்சுலின், ஒரு குழுவுக்குச் சாப்பாட்டு நேர இன்சுலின், ஒரு குழுவுக்கு நீண்ட நேர இன்சுலின். மூன்று வருடக் கடைசியில் மூன்று மாத சராசரிச் சர்க்கரை (எச்பிஏ1சி) மூன்று குழுவிலும் 7 சதவீதத்துக்குப் பக்கத்தில்தான் நின்றது. ஆனால் ஒரு ஆளுக்கு ஒரு வருடத்தில் சர்க்கரை தாழ்ந்த தடவைகளின் நடு அளவு, நீண்ட நேரக் குழுவில் 1.7, கலவையில் 3.0, சாப்பாட்டு நேரக் குழுவில் 5.7. எடை கூடியதும் நீண்ட நேரக் குழுவில்தான் குறைவு. மூன்று குழுவிலும் பெரும்பாலானவர்களுக்குப் பின்னால் இரண்டாவது வகை இன்சுலினையும் சேர்க்க வேண்டியிருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நம் ஊரில் போடும் மிக்ஸ்டார்ட் போன்ற பழைய கலவையை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை, புதிய தலைமுறைக் கலவையைத்தான் வைத்தார்கள். அப்படியிருந்தும் புதிதாக இன்சுலின் தொடங்குகிற ஒருவர் ஒற்றை நீண்ட நேர ஊசியோடு ஆரம்பிப்பது பாதுகாப்பானது என்பதே என் எண்ணம்.

கிளார்ஜின்

லேண்டஸ் என்று முதலில் வந்தது. 2000இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி கிடைத்தது. பெங்களூரின் பயோகான் தயாரிக்கும் பேசலாக் உட்பட இந்தியத் தயாரிப்புகள் பல வந்துவிட்டன. பயோகானின் கிளார்ஜினை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021இல், மூல மருந்துக்குப் பதிலாக மருந்துக் கடையிலேயே மாற்றிக் கொடுக்கலாம் என்ற தகுதியோடு ஏற்றுக்கொண்டது. அந்தத் தகுதியைப் பெற்ற முதல் இன்சுலின் அதுதான். "உள்ளூர்ச் சரக்கு வேலை செய்யுமா" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். 2022இல் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் கிளார்ஜின் சேர்க்கப்பட்டது.

இது வேலை செய்யும் விதம் அழகானது. பாட்டிலுக்குள் புளிப்புத் தன்மையோடு, தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும். தோலுக்கடியில் போனதும் அங்கே புளிப்பு இல்லாததால் நுண்துகள்களாக உறைந்துவிடும். அப்புறம் அந்தத் துகள்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து இரத்தத்துக்கு வரும். பெரிய உச்சம் இல்லாமல் சுமார் 24 மணி நேரம் போகும். அந்தப் புளிப்பின் காரணமாகவே வேறு இன்சுலினோடு ஒரே சிரிஞ்சில் இதைக் கலக்கக் கூடாது.

என்பிஎச்சையும் கிளார்ஜினையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வு 2003இல் வந்தது. 756 பேர், 24 வாரம், படுக்கும் முன் ஒரு ஊசி. மூன்று மாத சராசரியில் இரண்டு குழுவும் 7 சதவீதத்தைத் தொட்டது. சர்க்கரையைக் குறைக்கும் திறமையில் வித்தியாசமே இல்லை! இரவில் சர்க்கரை தாழ்வது கிளார்ஜின் குழுவில் தெளிவாகக் குறைந்திருந்தது. அதோடு நிறுத்தினால் கதை பாதிதான். 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 25,489 இரண்டாம் வகை நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்தார்கள். தாழ்சர்க்கரையால் அவசரப் பிரிவுக்கோ ஆஸ்பத்திரிப் படுக்கைக்கோ போனவர்களின் விகிதத்தில், என்பிஎச் தொடங்கியவர்களுக்கும் கிளார்ஜின் போன்ற புதிய வகை தொடங்கியவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை.

இரண்டும் எப்படிச் சேர்ந்து உண்மையாக இருக்க முடியும்? ஆய்வுக்கான கண்டிப்போடு வெறும் வயிற்று அளவை 100க்குக் கீழே கொண்டுவரத் துரத்தும்போது என்பிஎச்சின் உச்சம் உறுத்துகிறது. சாதாரண வாழ்க்கையில், அவ்வளவு இறுக்கிப் பிடிக்காத அளவுகளில், அந்த உச்சம் பெரும்பாலோரை ஆஸ்பத்திரி வரை கொண்டுபோவதில்லை. நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். அதனால் கிளார்ஜின் வாங்கக் கடன் வாங்கத் தேவையில்லை. ஆனால் இரவில் ஒரு தடவை தாழ்ந்தவர், தனியாகப் படுப்பவர், சிறுநீரகம் தளர்ந்தவர் ஆகியோருக்குக் கிளார்ஜின் போன்ற உச்சமில்லாத இன்சுலினுக்குச் செலவழிக்கும் காசு வீணல்ல. முதல் வகை நோயாளிகளுக்கும் அப்படியே.

என் அப்பாவின் கதையில் விடுபட்டது இந்தச் சிறுநீரகம்தான். அந்த இரவுக்குப் பிறகு வேறொரு டாக்டரிடம் காட்டினோம். அவர் முதலில் எழுதியது, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் பரிசோதனை. ஏறியிருந்தது. உடம்புக்குள் போகும் இன்சுலினை அழித்து வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அது சோர்ந்தால் அதே டோஸ் நீண்ட நேரம் தங்கி வேலை செய்யும். 6 வருடம் சரியாக இருந்த அளவு, அப்பா அறியாமலே அதிகமாகிப் போயிருந்தது. அப்படியானால் காலையில் ஏன் 240? பல காரணம் இருக்கலாம். விடியற்காலை ஹார்மோன்கள் ஏற்றியிருக்கலாம், ராத்திரி வெந்நீரோடு சாப்பிட்ட ரஸ்க் ஏற்றியிருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க இரண்டு மூன்று நாள் 3 மணிக்கு எழுந்து ஒரு சொட்டு இரத்தம் பார்த்தாலே போதும். வசதி இருந்தால் கையில் ஒட்டும் 14 நாள் சென்சார் முழு இரவையும் கோடாகப் போட்டுக் காட்டும். பார்க்காமலே இரவு டோஸைக் கூட்டியதுதான் எங்களுக்கு நேர்ந்த பிழை. நானும் கடையிலேயே இருந்துகொண்டு அதைக் கேட்காமல் விட்டேன்.

அவருக்குக் கிளார்ஜின் தொடங்கினார்கள், அதுவும் காலையில். வயதானவர்களுக்கு இரவு ஊசியைக் காலைக்கு மாற்றுவது நல்ல வழி. தாழ்ந்தாலும் பகலில், நாலு பேர் கண்ணெதிரே தாழட்டும். டோஸையும் குறைத்துத்தான் ஆரம்பித்தார்கள். தினம் இரண்டு வேளை என்பிஎச் போட்டவரைக் கிளார்ஜினுக்கு மாற்றும்போது மொத்தத்தில் 80 சதவீதத்தில் தொடங்குவது வழக்கம். அப்பாவுக்கு அதைவிடவும் இறக்கினார்கள்.

டெக்ளுடெக்கும் மற்றவையும்

டிரெசிபா என்ற பெயரில் வரும் டெக்ளுடெக் 42 மணி நேரத்துக்கு மேலும் வேலை செய்யும். தோலுக்கடியில் நீண்ட சங்கிலியாகக் கோத்துக்கொண்டு, நுனியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்று வரும். கிளார்ஜினோடு 7,637 பேரிடம் ஒப்பிட்ட 2017 ஆய்வில் இதயப் பாதிப்பு இரண்டிலும் சமம். பிறர் உதவி தேவைப்படும் அளவுக்குச் சர்க்கரை தாழ்ந்தவர்கள் டெக்ளுடெக்கில் 4.9 சதவீதம், கிளார்ஜினில் 6.6 சதவீதம். இரவுத் தாழ்வில் இடைவெளி இன்னும் பெரிது, டெக்ளுடெக்கில் ஏறக்குறையப் பாதிதான்.

இதன் பெரிய சௌகரியம் நேரம். இரண்டு ஊசிக்கு நடுவில் குறைந்தது 8 மணி நேரம் இருந்தால், பெரியவர்கள் ஒரு நாள் காலையிலும் மறுநாள் மாலையிலும் போட்டுக்கொள்ளலாம். ஒரு வாரம் இரவு ஷிப்டு, மறுவாரம் பகல் என்று ஓடும் பஸ் டிரைவருக்கோ நர்ஸுக்கோ இது வரம். குறையும் அந்த நீளத்திலிருந்தே வருகிறது. டோஸை மாற்றினால் முழுப் பலன் தெரிய 3, 4 நாள் ஆகும், அதற்குள் பொறுமையிழந்து ஏற்றக் கூடாது. வாந்தி பேதி வந்து சாப்பாடு நின்றால் முந்தாநாள் போட்டதும் உள்ளே இருக்கும். விலையும் எல்லோருக்கும் எட்டுவதில்லை.

டூஜியோ என்பது அதே கிளார்ஜினின் மூன்று மடங்கு அடர்த்தி, ஒரு மில்லிக்கு 300 யூனிட். பழைய கிளார்ஜினைவிடச் சமமாகவும் நீளமாகவும் போகும். சிலருக்குக் கொஞ்சம் கூடுதல் யூனிட் தேவைப்படும். அது வரும் ஊசிப் பேனாவே கணக்குப் பார்த்துக் கொடுப்பதால் நாம் பெருக்கவோ வகுக்கவோ வேண்டாம். லெவிமிர் என்ற டெட்டிமிரைப் புதிதாகத் தொடங்குவதில் அர்த்தம் குறைந்துவிட்டது. பலருக்கு இரண்டு வேளை தேவைப்படும் மருந்து அது, அமெரிக்காவில் 2024 முடிவோடு அதை நிறுத்தியும்விட்டார்கள். கர்ப்ப காலத்துக்குத் தனிக் கணக்கு, அதை மகப்பேறு டாக்டரும் சர்க்கரை டாக்டரும் சேர்ந்துதான் பார்க்க வேண்டும். வாரம் ஒருமுறை போடும் ஐகோடெக்குக்கு 2024இல் ஐரோப்பா அனுமதி கொடுத்தது. முதல் வகை நோயாளிகளிடம் தாழ்சர்க்கரை கூடியதால் அவர்கள் விஷயத்தில் தயக்கம் இருக்கிறது. ஒரு வாரத்து டோஸ் ஒரே ஊசியில் போகிறது என்பதை நினைத்தால் எனக்கும் தயக்கம்தான்.

பாட்டிலா, பேனாவா

மருந்தின் பெயரைவிட இதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள் என்பது கவுண்டரிலிருந்து நான் பார்த்தது. இந்தியாவில் இன்சுலின் பாட்டில்கள் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாக்களும், பேனாவுக்குள் போடும் மருந்துக் குழாய்களான கார்ட்ரிட்ஜுகளும் 100 யூனிட். கிளார்ஜின் பாட்டில்களில் 100 யூனிட் அடர்த்தியும் உண்டு. சிரிஞ்சும் இரண்டு வகை: சிவப்பு மூடி 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு.

ஒரு அம்மாவின் பேனா ஊசி தீர்ந்துவிட்டது. கடை மூடும் நேரம். வீட்டில் பழைய சிவப்பு மூடி சிரிஞ்சு இருந்தது. பேனாவின் கார்ட்ரிட்ஜில் குத்தி, 10 என்ற கோடு வரை இழுத்துப் போட்டுக்கொண்டார். அந்தக் கோட்டுக்குக் கால் மில்லி பிடிக்கும். கார்ட்ரிட்ஜில் இருந்ததோ 100 யூனிட் மருந்து. ஆக, 10 என்று நினைத்து 25 யூனிட் போட்டுக்கொண்டார். மகன் அருகில் இருந்ததால் தப்பித்தார். தலைகீழாக, 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 10 வரை எடுத்தால் வெறும் 4 யூனிட்தான் போகும், சர்க்கரை எகிறும். சிரிஞ்சு வாங்கும்போது பாட்டிலையும் கையோடு கொண்டுவரச் சொல்லி நான் நச்சரிப்பது இதனால்தான். பேனாவிலிருந்து சிரிஞ்சால் ஒருபோதும் இழுக்காதீர்கள்.

பார்வை மங்கியவர், கை நடுங்குபவர், தானே போட்டுக்கொள்பவர் என்றால் முடிந்தவரை பேனாவுக்கே என் ஓட்டு. திருகும்போது ஒவ்வொரு யூனிட்டுக்கும் டிக் என்ற சத்தம் கேட்கும். ஒவ்வொரு தடவையும் முதலில் 2 யூனிட் வெளியே விட்டுப் பார்க்க வேண்டும், டூஜியோவில் 3. அழுத்திய பிறகு பத்து வரை எண்ணிவிட்டு ஊசியை எடுக்க வேண்டும். மருமகளோ மகனோ தினமும் போட்டுவிடுகிற வீட்டில் பாட்டிலும் சிரிஞ்சும் தாராளமாகப் போதும்.

சாப்பாட்டுக்கு வேக இன்சுலின், ராத்திரிக்குக் கிளார்ஜின் என்று இரண்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு பெரிய ஆபத்து உண்டு. இரண்டும் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். தூக்கக் கலக்கத்தில் 24 யூனிட் வேக இன்சுலினைக் குத்திக்கொண்டால் விளைவு பயங்கரம். ராத்திரிப் பேனாவில் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றி, வேறு அலமாரியில் வையுங்கள். மாற்றிப் போட்டுவிட்டது தெரிந்தால் உடனே இனிப்பாக எதையாவது சாப்பிட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும், காலை வரை பார்க்கலாம் என்று படுக்கக் கூடாது.

எவ்வளவு, எதுவரை

தினம் போடும் நீண்ட நேர இன்சுலின் எதுவாக இருந்தாலும் இரண்டாம் வகை நோயில் தொடக்கம் பெரும்பாலும் தினம் 10 யூனிட், அல்லது எடையில் கிலோவுக்கு 0.1 முதல் 0.2 யூனிட். வெறும் வயிற்று அளவைப் பார்த்து 3 நாளைக்கு ஒருமுறை 2 யூனிட் ஏற்றுவது ஒரு பொதுவான முறை. காரணம் தெரியாமல் 70க்குக் கீழே போனால் டோஸை 10 முதல் 20 சதவீதம் இறக்க வேண்டும். இலக்கு பலருக்கு 80 முதல் 130. பல நோய்களோடு இருக்கும் முதியவருக்கு 90 முதல் 150 வரை விட்டுக்கொடுப்பதையே வழிகாட்டுதல்களும் ஏற்கின்றன. 78 வயதுப் பாட்டியை 100க்கு இறக்கப் பாடுபடும் பேரன்களிடம் நான் வாதாடுவதுண்டு.

கிலோவுக்கு அரை யூனிட்டைத் தாண்டினால், அதாவது 60 கிலோ ஆளுக்கு 30 யூனிட் ஆனால், நின்று யோசிக்க வேண்டிய இடம். படுக்கும்போது இருந்த அளவுக்கும் விடிந்ததும் இருக்கும் அளவுக்கும் 50க்கு மேல் இறக்கம் இருந்தால், நீண்ட நேர இன்சுலின் தன் வேலையை மீறிச் சாப்பாட்டுச் சர்க்கரையையும் இழுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் ராத்திரி டோஸை ஏற்றாமல் சாப்பாட்டுப் பக்கத்தை டாக்டரிடம் பேசுங்கள்.

தாழ்ந்தால் செய்ய வேண்டியதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். 70க்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கரைத்து. 15 நிமிடத்தில் மறுபடி பார்த்து, ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. ஏறியதும் இரண்டு பிஸ்கட்டோ ஒரு இட்லியோ. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐ அழையுங்கள்.

ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தோலுக்கடியில் கட்டி மாதிரி கொழுப்பு சேர்ந்துவிட்டால் மருந்து ஒழுங்காக உறிஞ்சப்படாது. வலிக்காது என்பதால் நிறையப் பேருக்கு அந்த இடம்தான் பிடிக்கும். அங்கிருந்து நல்ல இடத்துக்கு மாறும்போது அதே டோஸ் திடீரென்று பலமாக வேலை செய்யும், அதனால் சொல்லிவிட்டு மாறுங்கள்.

வைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. திறக்காததை ஃபிரிட்ஜின் நடுத் தட்டில், ஃப்ரீசரை ஒட்டாமல் வையுங்கள். ஒரு தடவை உறைந்தது உருகினாலும் பயன்படாது. திறந்த கிளார்ஜின் 30 டிகிரிக்குள் 28 நாள், டெக்ளுடெக் 8 வாரம். அக்னி நட்சத்திரத்தில் நம் வீட்டுக்குள் 30 எங்கே இருக்கிறது? திறந்த பாட்டிலையும் ஃபிரிட்ஜில் வைத்து, போடுவதற்கு அரை மணி முன் எடுங்கள். ஃபிரிட்ஜ் இல்லையென்றால் ஈர மணலில் பதித்த மண்பானைக்குள், பாலித்தீன் உறையில் சுற்றி வைக்கலாம். நின்ற காரின் டாஷ்போர்டில் ஒரு மணி நேரம் வைத்த பேனாவை நம்பவே நம்பாதீர்கள்.

எங்கள் தெருவில் மூன்று வீடுகள்

அப்பா இப்போது காலை 8 மணிக்குக் கிளார்ஜின் 12 யூனிட், மதியம் ஒரு சிறு டோஸ் வேக இன்சுலின். எதிர் வீட்டில் லாரி ஓட்டும் அண்ணன். ஊசி நேரத்தைக் காப்பாற்ற முடியாமல் வாரத்தில் இரண்டு நாள் விட்டுவிடுவார். கையில் காசும் இருக்கிறது, ஸ்டியரிங்கும் இருக்கிறது. அவருக்கு டெக்ளுடெக் எழுதினார்கள், மூன்று மாதமாக ஒரு நாளும் விடவில்லை. கோடியில் இருக்கும் பாட்டிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் என்பிஎச் இலவசமாகக் கிடைக்கிறது. மருமகள் சீரியல் முடித்துப் பத்தரைக்குத்தான் படுப்பாள், அப்போது பாட்டிலை உருட்டி 8 யூனிட் போட்டுவிடுகிறாள். பாட்டியின் காலை அளவு 140க்குப் பக்கத்தில் நிற்கிறது, இரவு ஒரு தடவைகூட வியர்த்ததில்லை. கிளார்ஜினுக்கு மாற்றலாமா என்று மகன் போனில் கேட்டான். வேண்டாம், அந்தக் காசுக்கு ஒரு மீட்டரும் ஸ்ட்ரிப்பும் வாங்கிக் கொடு என்றேன்.

டாக்டரிடம் போகும்போது இதையெல்லாம் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள்: ஊசி யார் போடுவது, சாப்பாடு எத்தனை மணிக்கு, எந்த நாட்களில் விரதம் அல்லது நோன்பு, ஃபிரிட்ஜ் இருக்கிறதா, மாதம் எவ்வளவு செலவழிக்க முடியும், கடைசியாகக் கிரியாட்டினின் பார்த்தது எப்போது. கூடவே இப்போது போடும் மருந்தையும் சிரிஞ்சையும் ஒரு பையில் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் போவதற்கு முந்தைய மூன்று இரவுகள் 3 மணிக்கு அலாரம் வைத்து எழுந்து பார்த்த எண்களையும் அதே காகிதத்தின் கீழே எழுதுங்கள்.